ஸ்டீம் போட்டுக்கு ஆர்சி (ரேடியோ கண்ட்ரோல்) மாட்டித் தரேன்னு சொல்றவங்ககிட்ட காசு கொடுக்கறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

மாடல் ஸ்டீம் போட் வச்சிருக்கறவங்க, பாய்லர் இன்ஜின் எல்லாம் முடிச்சாச்சு இனிமே ரேடியோ கண்ட்ரோல்தான் பாக்கின்னு இருக்கறவங்க, எல்லாருக்கும்தான் எழுதறேன். ஆன்லைன்ல மரைன் ஆர்சி ஸ்பெஷலிஸ்ட்னு போட்டு வியாபாரம் பண்ற ஒரு ஆள், எனக்கு பில் போட்டது ஒண்ணு, படகுல மாட்டினது வேற.

பில்லுல இருந்தது என்னன்னா ரடருக்கும் (படகைத் திருப்பற சுக்கான்) ஸ்டீம் ரெகுலேட்டருக்கும் (இன்ஜினுக்குப் போற ஸ்டீமைக் கூட்டிக் குறைக்கற வால்வு) மெட்டல் கியர் வாட்டர்ப்ரூஃப் செர்வோ, அதாவது ரிமோட் சொல்றபடி அதுங்களைத் திருப்பற குட்டி மோட்டர், ரிசீவர் போர்டுக்கு கோட்டிங், பேட்டரி வோல்டேஜைக் குறைச்சுக் கொடுக்கற 5 வோல்ட் யூபெக், சிக்னல் போனா செர்வோ எங்க போய் நிக்கணும்னு சொல்லி வைக்கற ஃபெயில்சேஃப் செட்டிங். டேபிள் மேல வச்சு ரிமோட்டோட ஸ்டிக்கை ஆட்டிக் காட்டினப்போ எல்லாம் அழகா அசைஞ்சது. டேபிள் மேல எதுதான் அசையாது?

தண்ணில விட்டதும் கொஞ்ச நேரம் நல்லாத்தான் போச்சு, அப்புறம் ரடர் தானா துடிக்க ஆரம்பிச்சது, எதிர்க்கரை பக்கம் போனதும் சிக்னலே போயிடுச்சு, ரெகுலேட்டர் திறந்தது திறந்தபடி நின்னுச்சு. ஸ்டிக்கை முழுசா இழுத்துப் பார்த்தும் ஒண்ணும் நடக்கல, அதே வேகத்துல போய் கல்லுல மோதி முன்பக்கப் பலகை பிளந்துடுச்சு. கையால இழைச்சு ஒட்டின பலகைங்க அது, வயிறு எரியுது.

எலக்ட்ரிக் போட்ல சிக்னல் போனா பெரும்பாலும் ஈஎஸ்சியே (மோட்டர் வேகத்தைக் கட்டுப்படுத்தற போர்டு) மோட்டரை நிறுத்திடும். ஸ்டீம் போட்ல ஈஎஸ்சியே கிடையாது. சிக்னல் அறுந்தா ரெகுலேட்டரை மூடற பக்கம் செர்வோவைக் கொண்டு போன்னு ரிசீவர்ல ஃபெயில்சேஃப் செட் பண்ணி வச்சிருந்தாத்தான் படகு நிக்கும். மூடினப்புறமும் பர்னர் எரியும், பிரஷர் ஏறும், சேஃப்டி வால்வு ஊதும், அது பரவால்ல, அதுக்குத்தான் வால்வு இருக்கு, பாய்லர் தண்ணி தீரறதுக்கு முன்னாடி கேஸ் தீர்ற மாதிரி டேங்க் அளவு வைக்கறதும் இந்த மாதிரி நேரத்துக்குத்தான். இந்த ஆள் காசு வாங்கிட்டு அந்த செட்டிங்கைத் தொடவே இல்ல.

வீட்டுக்கு வந்து டெக்கைக் கழட்டினேன். ரிசீவர் ஆன்டெனா ரெண்டையும் சுருட்டி, டெக்குக்கு அடில, செம்பு பாய்லரை ஒட்டி டேப் போட்டு வச்சிருக்கார். 2.4 கிகாஹெர்ட்ஸ் சிக்னலுக்கு தண்ணியும் ஆகாது உலோகமும் ஆகாது, நுனில இருக்கற 31 மில்லிமீட்டர்தான் வேலை செய்யற பகுதி, அது நீர்மட்டத்துக்கு மேல, ஒண்ணுக்கொண்ணு குறுக்கா, நீட்டி நிக்கணும்.

ரெகுலேட்டர் செர்வோவை டபுள் சைட் டேப்ல ஒட்டியிருக்கார். 3 பார் பிரஷர்ல உள்ள இருக்கற ஸ்டீம் கிட்டத்தட்ட 143 டிகிரி, அதுக்குப் பக்கத்துல டேப் எத்தனை நேரம் தாங்கும், இளகி செர்வோ சாய்ஞ்சு கிடக்குது. ஸ்க்ரூ போட்டு பிராக்கெட்ல நிறுத்த வேண்டிய ஐட்டம் அது. ரிசீவர் டப்பாவைத் திறந்தா போர்டு மேல ஸ்டீம் ஆயிலும் தண்ணியும் கலந்து வழவழன்னு ஒரு படலம், கோட்டிங்குக்கான அடையாளமே இல்ல.

செர்வோவோட அடில நாலு ஸ்க்ரூவைக் கழட்டிப் பார்த்ததும்தான் ஏமாத்து வேலை முழுசா தெரிஞ்சது. தண்ணி உள்ள போகாம தடுக்கற ஓ ரிங் (ரப்பர் வளையம்) இல்ல. கியர் எல்லாம் வெள்ளை பிளாஸ்டிக், ஒரு கியர்ல பல்லே மழுங்கிப் போச்சு. வெளில மெட்டல் கியர்னு இருந்த ஸ்டிக்கரை நகத்தால உரிச்சா அதுக்கு அடில வேற மாடலோட ஸ்டிக்கர், 4.8 லேர்ந்து 6 வோல்ட்னு அச்சடிச்சிருக்கு. பில்லுல இருந்த யூபெக் படகுல எங்கயுமே இல்ல, 2 செல் லைப்போ பேட்டரியை நேரா ரிசீவர்ல சொருகியிருக்கார், ஃபுல் சார்ஜ்ல அது 8.4 வோல்ட். ரிசீவர் தாங்கற மாடல், செர்வோ பாவம் என்ன பண்ணும். யூபெக் போட மனசில்லன்னா 1.2 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் நாலு போட்டிருந்தாலே 4.8 வோல்ட், வேலை முடிஞ்சது.

போட்டோ எல்லாம் அனுப்பினேன். தண்ணி பட்டா வாரண்டி கிடையாதுன்னு பதில் வந்துச்சு. படகுக்குன்னு சொல்லி, வாட்டர்ப்ரூஃப்னு பில் போட்டு வித்த பொருளுக்கு! ரெண்டு ஸ்டிக்கர் போட்டோவையும் அனுப்பி இது என்னன்னு கேட்டேன், அதோட பிளாக் பண்ணிட்டார். பேமெண்ட் கம்பெனில பில், போட்டோ எல்லாம் வச்சு கம்ப்ளெய்ன்ட் போட்டிருக்கேன்.

இவரை மாதிரி யார்கிட்டயாவது ஏற்கனவே வேலை கொடுத்து படகை வாங்கிட்டீங்கன்னா, பர்னரைப் பத்த வைக்கறதுக்கு முன்னாடி ரெகுலேட்டரைப் பாதி திறந்து வச்சுட்டு டிரான்ஸ்மிட்டரை ஆஃப் பண்ணிப் பாருங்க. ரெகுலேட்டர் தானா மூடலைன்னா படகைத் தண்ணில இறக்காதீங்க, செர்வோவைத் திறந்து உள்ள என்ன கியர் இருக்குன்னு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, பேட்டரி வோல்டேஜையும் மீட்டர் வச்சுப் பார்த்துடுங்க.