அம்பாசிடர் டேப்பெட் கவருக்கு எது பொருந்தும்: கார்க்கா, ரப்பரா, சிலிக்கோன் பசையா?

1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின் உள்ள பழைய அம்பாசிடரை இன்னும் ஓட்டுகிறவர்களிடையே தீராத வழக்கு ஒன்று உண்டு. எஞ்சினின் உச்சியை மூடும் தகட்டு மூடியான டேப்பெட் கவரின் விளிம்பில் ஆயில் கசிந்தால் எதை வைத்து மூடுவது? கார்க் பேக்கிங்கா, ரப்பர் பேக்கிங்கா, டியூபில் வரும் சிலிக்கோன் பசையா? 1980களின் மார்க் 4 ஒன்றை வைத்திருக்கிறேன். என் ஓட்டு கார்க்குக்கு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நடுநிலைத் தீர்ப்பை எதிர்பார்த்து யாரும் ஏமாற வேண்டாம்.

கடைக்குப் போகும் முன், கசிவது அங்கிருந்துதானா என்று உறுதி செய்ய வேண்டும். ஆயில் கீழ்நோக்கி வழியும். வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னோக்கித் தள்ளும். அதனால் தரையில் சொட்டும் இடத்துக்கும் கசிவு புறப்படும் இடத்துக்கும் பெரும்பாலும் தொடர்பே இருக்காது. எஞ்சின் ஆறியிருக்கும்போது பழைய பிரஷ்ஷும் டீசலும் கொண்டு அழுக்கைக் கழுவி, நன்றாகத் துடைத்துக் காயவிடுங்கள். சந்தேகமான விளிம்புகளில் முகப் பவுடரைத் தூவி, கால் மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். நனைந்த இடங்களில் எது எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிறதோ அதுதான் குற்றவாளி. கீழே உள்ளவை எல்லாம் வெறும் வழித்தடம்.

இதைச் செய்யாமல் வண்டியைத் தூக்கிப் பார்த்தால், எஞ்சினையும் கியர் பாக்ஸையும் இணைக்கும் பெல் ஹவுசிங் ஈரமாக இருக்கும். உடனே 'பின்பக்க கிராங்க் சீல் போய்விட்டது, கியர் பாக்ஸை இறக்க வேண்டும்' என்ற தீர்ப்பு வரும். இந்த எஞ்சினில் பின்பக்கம் மாற்றுவதற்கு ரப்பர் சீல் கிடையாது என்பது பலருக்குத் தெரியாது. பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி-சீரிஸ் வடிவமைப்பு இது. எஞ்சினின் சுழலும் முதன்மைத் தண்டான கிராங்க் ஷாஃப்டின் பின்முனையில் திருகுபோல் வெட்டிய பள்ளம் ஒன்று இருக்கிறது. ஷாஃப்ட் சுழலும்போது வெளியேறப் பார்க்கும் ஆயிலை அந்தப் பள்ளம் உள்ளே திருப்பி அனுப்பும். எஞ்சின் நின்றால் அந்த வேலையும் நின்றுவிடும். மூக்கு மேலே தூக்கியபடி சரிவில் நிறுத்தினால் சில சொட்டுகள் விழத்தான் செய்யும். அதிகம் விழுந்தால் முதலில் பார்க்க வேண்டியது எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிரீதர் குழாய். அது கசடு படிந்து அடைத்துக்கொண்டால் கிராங்க் ஷாஃப்ட் இருக்கும் கிராங்க் கேஸில் அழுத்தம் ஏறி, ஆயில் கிடைத்த இடுக்கில் எல்லாம் வெளியே வரும். டிப் ஸ்டிக்கின் மேல் கோட்டைத் தாண்டி ஆயில் ஊற்றுவதும் அதே வேலையைத்தான் செய்யும்.

கசிவை நிறுத்தும் திரவம் என்று புட்டியில் விற்பதை ஒரு வரியில் முடித்துவிடலாம். அது ரப்பரை ஊதச் செய்து வேலை பார்க்கும் சரக்கு. கார்க்கும் திருகுப் பள்ளமும் உள்ள எஞ்சினில் அது ஊத வைக்க அதிகம் எதுவும் இல்லை.

சரி, கசிவு டேப்பெட் கவரில்தான் என்று தெரிந்துவிட்டது. இதைத் தள்ளிப்போடக் கூடாது. கவரின் இடது விளிம்புக்கு நேர் கீழேதான், சூடான புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் இருக்கிறது. சிக்னலில் நிற்கும்போது வரும் எரிந்த ஆயில் வாடை அங்கிருந்துதான். பேக்கிங்கைக் குறை சொல்லும் முன் கவரின் மேலே உள்ள இரண்டு நட்டுகளின் அடியைத் தொட்டுப் பாருங்கள். அங்குள்ள ரப்பர் புஷ்கள் கல்லாக இறுகியிருந்தால் ஆயில் அந்த நட்டுகள் ஏறும் ஸ்டட் வழியாக ஏறி வந்து கவரின் மேல் வழியும். பார்ப்பவர் பேக்கிங் போய்விட்டது என்பார்.

விலை, கிடைப்பது, வெப்பம் தாங்குவது ஆகியவற்றில் மூன்றுக்கும் இடையே சண்டை போடும் அளவுக்கு வித்தியாசம் இல்லை. வெப்பம் தாங்குவதில் சிலிக்கோன் முந்தும், கார்க் பிந்தும். கார்க் சில ஆண்டுகளில் காய்ந்து சுருங்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்த குறை. எனக்கு முடிவைத் தீர்மானித்தது வேறொன்று: இந்தக் கவரை எத்தனை முறை திறக்க வேண்டியிருக்கிறது என்பது.

இது தானாகச் சரிசெய்துகொள்ளும் வால்வு அமைப்பு கொண்ட இன்றைய எஞ்சின் இல்லை. வால்வுகளை அழுத்தித் திறக்கும் எட்டு ராக்கர்களிலும் திருகும் லாக் நட்டும் உண்டு. சில ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டை வைத்து டேப்பெட் பார்க்க வேண்டும், அதாவது வால்வு இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும். எஞ்சினின் மேல் பகுதியான ஹெட்டின் அடியில் உள்ள கேஸ்கெட்டை மாற்றினால் கொஞ்ச தூரம் ஓட்டியபின் ஹெட் நட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும். அதற்கும் கவர் கழற்றத்தான் வேண்டும். ஆகவே இங்கே கேட்க வேண்டியது 'எது நிரந்தரமாக அடைக்கும்' என்பது இல்லை. எது நன்றாக அடைத்து, சிரமமில்லாமல் திறந்து, திரும்பவும் அடைக்கும் என்பதுதான்.

இந்தத் தேர்வில் பசை முதலிலேயே தோற்றுவிடும். போட்ட அன்று அதைப் போல் அடைப்பது எதுவும் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அடுத்த டேப்பெட் வேலைக்குக் கவரைத் தூக்க ஸ்க்ரூ டிரைவர் கொண்டு நெம்ப வேண்டும், தகடு வளையும். பிறகு இரு முகத்திலும் ஒட்டியதைச் சுரண்ட வேண்டும். சுரண்டும் துணுக்குகள், ராக்கர்களைத் தள்ளும் புஷ் ராட்களின் துளைகள் வழியாக நேராக எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்புக்குள் விழும். தாராளமாகப் பிதுக்கிவிட்டவர் கையில் உள்பக்கம் பிதுங்கி நிற்கும் பசையும் ஒருநாள் பிய்ந்து அங்கேதான் போகும். ஆயில் பம்ப்பின் வலை வடிகட்டி அங்கே காத்திருக்கிறது. அது அடைத்தால் பேரிங் வரை செலவு போகும். இதற்கு மேல், பசை காற்றின் ஈரத்தை வாங்கி மெதுவாக இறுகுவது. ஒரு இரவு வண்டியைத் தொடாமல் விட வேண்டும். பூசிய அரை மணியில் சாவியைக் கையில் கொடுக்கும் பட்டறைகளை என்ன சொல்வது!

ரப்பர் பேக்கிங்கைப் பற்றி நான் அடித்துச் சொல்ல முடியாது. நண்பர் ஒருவரின் வண்டியில் போட்டுப் பார்த்ததோடு சரி. திறந்து மூட எளிது, திரும்பத் திரும்பப் பயன்படுகிறது. ஆனால் கவரின் விளிம்பு ஒழுங்காக இருக்க வேண்டும். முப்பது நாற்பது ஆண்டு நெம்பலுக்கு ஆளான தகட்டு விளிம்பில் மேடு பள்ளம் இருக்கும். நண்பரின் வண்டியில் இறுக்கும்போது ரப்பர் வழுக்கி ஒரு பக்கம் பிதுங்கியது. புதுக் கவர் கிடைத்தவர்களுக்கு ரப்பர் நான் பார்த்ததைவிட நன்றாக உழைக்கலாம்.

கார்க்கின் பலம் அந்த மேடு பள்ளத்தைப் பொறுத்துக்கொள்வது. அதோடு அதைப் போடும் முறையில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கவரின் விளிம்பைத் தட்டையான கட்டை மேல் வைத்துச் சிறு சுத்தியலால் நேராக்குங்கள். எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்து, கவர் பக்கத்தில் மட்டும் ஷெல்லாக் என்ற அரக்குப் பசையை மெல்லப் பூசி கார்க்கை ஒட்டி, கனம் வைத்துக் காயவிடுங்கள். ஹெட் பக்கத்தில் எதையும் ஒட்டாமல் கிரீஸை மட்டும் தடவுங்கள். இப்படிச் செய்தால் கவரோடு பேக்கிங்கும் முழுசாக எழுந்து வரும், அப்படியே திரும்ப உட்காரும். டேப்பெட் பார்க்கப் புதுப் பேக்கிங் தேவையில்லை, சுரண்டலும் இல்லை. கடையில் நெடுநாள் கிடந்த கார்க் சுருங்கியிருந்தால் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்தால் விரியும். துடைத்து உலர்த்தி ஒட்டலாம். அம்பாசிடர் தயாரிப்பு 2014இல் நின்றுபோனது. அச்சு அசலான பேக்கிங் கிடைக்காத ஊரிலும், கார்க் ஷீட் கிடைத்தால் பழையதை மேலே வைத்து வரைந்து கத்தரித்துக்கொள்ளலாம்.

கார்க்கைக் கொல்வது இறுக்கும் கை. கசிகிறதே என்று இன்னும் ஒரு சுற்று போடுகிறவர்கள் அதைப் பிளந்துவிடுகிறார்கள். இரு நட்டுகளையும் மாற்றி மாற்றி, கார்க் லேசாக அமுங்கும் வரை போதும். எஞ்சின் ஒருமுறை சூடாகி ஆறிய பிறகு ஒரு சின்னத் திருப்பு கொடுக்கலாம், அவ்வளவுதான்.

எஞ்சினின் பக்கவாட்டில், மேனிஃபோல்டுக்குக் கீழே ஒளிந்திருக்கும் இரண்டு தகட்டு மூடிகளில் மட்டும் என் கட்சி மாறும். ஒவ்வொன்றையும் நடுவில் ஒரே போல்ட் பிடித்திருக்கிறது. அதை அழுத்தி இறுக்கினால் தகடு நடுவில் குழிந்து ஓரங்கள் தூக்கிக்கொள்ளும். இறுக்க இறுக்கக் கசிவு கூடும். கை நுழையவே இடமில்லாத அந்த மூடிகளை டேப்பெட் பார்க்கத் திறக்க வேண்டியதும் இல்லை. அங்கே தகட்டை நேராக்கி, கார்க்கின் இரு பக்கமும் மெல்லிய சிலிக்கோன் பூச்சு கொடுத்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆயில் சம்ப்பிலும் இரு முனைகளில் வரும் அரைவட்டக் கார்க் பட்டை நேர் பேக்கிங்கைச் சந்திக்கும் மூலைகளில் ஒரு பொட்டுப் பசை தேவைப்படும். ஆனால் மெல்லிய கசிவுக்காக மட்டும் சம்ப்பை இறக்க வேண்டாம். பேரிங் பார்க்க எப்படியும் இறக்கும் நாளில் இதையும் சேர்த்துச் செய்துகொள்ளலாம்.