ஹோல்டெமா, செவன் கார்டு ஸ்டட்டா?

போக்கர் சீட்டாட்டம் கற்க நினைப்பவர்கள் அதன் இந்த இரண்டு வகைகளுக்கும் நடுவில்தான் தயங்கி நிற்கிறார்கள்.

சீட்டு: ஹோல்டெமில் கையில் 2, மேசை நடுவே எல்லோருக்கும் பொதுவாக 5. ஸ்டட்டில் ஆளுக்கு 7. அவற்றில் 4 திறந்தே கிடக்கும்.

ஆட்கள்: ஹோல்டெமில் பத்துப் பேர் தாராளமாக உட்காரலாம். ஸ்டட்டில் எட்டைத் தாண்டக் கூடாது.

ஞாபகசக்தி: ஸ்டட்டின் அழகே இதில்தான். ஆட்டத்திலிருந்து விலகிப்போனவர் முன்னால் இரண்டு ராணிகள் திறந்து கிடந்ததை மறந்தால், வரவே முடியாத சீட்டுக்காகப் பணம் கட்டிக்கொண்டிருப்பீர்கள். ஹோல்டெமில் அந்தச் சுமை இல்லை. பொதுச்சீட்டுகள் கண்முன்னே இருக்கின்றன.

பரவல்: இதில் போட்டியே இல்லை. டெக்சஸின் ராப்ஸ்டவுனில் பிறந்ததாகச் சொல்லப்படும் ஹோல்டெம், 1960களில்தான் லாஸ் வேகாஸுக்கு வந்தது. 2003இல் கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர், இணையத் தகுதிச்சுற்று வழியாக, ஹோல்டெமில் ஆடப்படும் உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் நுழைந்து 25 லட்சம் டாலர் வென்றார். அந்த ஆண்டு ஆடியவர்கள் 839 பேர். மறு ஆண்டு 2,576 பேர்!

எங்கு போனாலும் ஆடத் துணை வேண்டும் என்றால் ஹோல்டெம். நான்கைந்து நண்பர்கள் நிதானமாக, மூளையைக் கசக்கி ஆட விரும்பினால் ஸ்டட். என் மனம் அதன் பக்கம்தான்.