சென்னை–மதுரை: கூட வரும் ஜனங்களைப் பார்க்க எந்த வண்டி?

எழும்பூரிலிருந்து மதுரைக்கு ஏறக்குறைய 500 கிலோமீட்டர். எதில் போனால் சீக்கிரம் போகலாம், எதில் காசு மிச்சம் என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்குப் பயணத்தில் பாதி சந்தோஷம் கூட வருகிறவர்களைப் பார்ப்பதில்தான். அந்தக் கண்ணோடு வந்தே பாரத், பகல் நேர அரசுப் பேருந்து, வைகை எக்ஸ்பிரஸ் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வைகை, அதிலும் முன்பதிவில்லாத பெட்டி.

வந்தே பாரத்தில் தொடங்கலாம். சென்னை–திருநெல்வேலி வண்டி 2023 செப்டம்பர் 24-இல் ஓடத் தொடங்கியது. மதுரைக்கு ஆறு மணி நேரம்கூட ஆகாது. சுத்தம், ஏ.சி., சாப்பாடு என்று குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நடுவில் நிற்பது தாம்பரம், விழுப்புரம், திருச்சி, திண்டுக்கல் என்று நாலைந்து இடம்தான். ஏறும்போது பார்த்த முகங்களைத்தான் பெரும்பாலும் இறங்கும்போதும் பார்ப்பீர்கள். உட்கார்ந்தால் கண்ணுக்கு எதிரே முன்சீட்டின் முதுகு. பக்கத்தில் இருப்பவர் காதில் ஏதோ மாட்டியிருப்பார், பேச்சுக் கொடுக்கத் தோன்றாது.

அதற்காக ஒன்றுமே இல்லை என்று சொல்லமாட்டேன். மதுரையில் 2004-இல் உயர் நீதிமன்றக் கிளை வந்த பிறகு, கேஸ் கட்டை மடியில் விரித்துப் படித்துக்கொண்டே போகும் வக்கீல்களை இந்தத் தடத்தில் பார்க்கலாம். பிள்ளைகள் டிக்கெட் போட்டு அனுப்பிவைத்த வயதான தம்பதிகளையும் பார்க்கலாம். தட்டில் வரும் சாப்பாட்டை அந்த அம்மா முதலில் பிரித்துப் பார்த்து, கணவருக்குச் சர்க்கரை இருப்பதால் இனிப்பை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொள்வார். அவரும் ஒன்றும் சொல்லமாட்டார். ஆனால் இப்படி ஒன்று கண்ணில் பட அங்கே ரொம்ப நேரம் காத்திருக்கவேண்டும்.

பேருந்து இதற்கு நேர் எதிர். ஆனால் எந்தப் பேருந்து என்பது முக்கியம். இரவு நேர ஸ்லீப்பரில் திரையை இழுத்துவிட்டால் உலகமே கிடையாது. விரைவுப் பேருந்துகளும் நான்கு வழிச்சாலை வந்த பிறகு பல ஊர்களைப் பைபாஸிலேயே தாண்டிவிடுகின்றன. மனிதர்களைப் பார்க்க வேண்டுமென்றால் கிளாம்பாக்கத்திலிருந்து விழுப்புரம், அங்கிருந்து திருச்சி, அப்புறம் மதுரை என்று ஊருக்குள் போகும் வண்டிகளாகப் பார்த்து மாறி மாறிப் போகவேண்டும்.

அப்படிப் போனால் கிடைப்பது அபாரம். வண்டி ஸ்டாண்டுக்குள் திரும்பும்போதே ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிக்கிறார்கள். அந்தத் துண்டை யாரும் எடுத்துப் போடுவதில்லை, முன்பின் தெரியாதவர்கள்கூட மதிக்கிறார்கள். சாயங்காலம் பள்ளி விட்டதும் நிற்கிற பிள்ளைகளின் புத்தகப் பைகள் உட்கார்ந்திருப்பவர்களின் மடியில் ஏறிவிடும். ஒரே மடியில் மூன்று பை. இறங்கும்போது ஒரு கை நீளும், சரியான பை அந்தக் கைக்குப் போய்ச் சேரும். கைக்குழந்தையையே முன்பின் அறியாத பெண்ணிடம் கொடுத்துவிட்டுக் கம்பியைப் பிடித்து நிற்கும் தாயையும் பார்க்கலாம். இவ்வளவு நம்பிக்கை நமக்குள் இருக்கிறது என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் ஆச்சரியம்தான்.

குறை ஒன்றுதான். பேருந்தில் பார்க்கலாம், பேச முடியாது. எஞ்சின் சத்தம், அதற்கு மேல் பாட்டு. நாள் முழுக்க அப்படிப் போனால் உடம்பும் விட்டுப்போகும்.

வைகைக்கு வருவோம். 1977 ஆகஸ்ட் 15-இல், இந்தத் தடம் மீட்டர் கேஜாக இருந்த காலத்தில் தொடங்கிய பகல் வண்டி. இன்றைக்கும் ஏழரை மணி நேரத்தை ஒட்டித்தான் ஓடுகிறது. முன்பதிவு செய்த இரண்டாம் வகுப்பு இருக்கை எடுத்தாலே வந்தே பாரத் கட்டணத்தில் கால்வாசி வராது. முன்பதிவில்லாத பெட்டியில் நீள பெஞ்சுகள் எதிரெதிராக இருக்கும். முழங்காலோடு முழங்கால் இடிக்கும், அதனாலேயே பேச்சு வந்துவிடும். “எந்த ஊரு?” என்று ஆரம்பிக்காது, “எங்க இறங்கணும்?” என்றுதான் ஆரம்பிக்கும். இறங்குபவரின் இடத்துக்கு இப்போதே ஆள் தயார். அந்தக் கேள்வியிலிருந்து பேச்சு பெண்ணின் கல்யாணத்துக்குப் போகும், ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டுக்குப் போகும், வரப்புத் தகராறுக்கும் போகும்.

அரியலூர், விருத்தாசலம் என்று ஊருக்கு ஊர் ஆள் மாறும், பேச்சின் ராகமும் மாறும். முகூர்த்த நாளென்றால் பெட்டி முழுக்க மல்லிகை வாசம், சீர்த்தட்டுகள். தைப்பூசம் நெருங்கும் நாட்களில் பல விரைவு ரயில்கள் மேல்மருவத்தூரில் தற்காலிகமாக நிற்கும். பிளாட்பாரம் முழுவதும் செவ்வாடை, தலையில் இருமுடி. கூட்டத்தில் தொலைந்துபோகாமல் இருக்க ஒருவர் முந்தானையை மற்றவர் பிடித்தபடி வரிசையாக ஏறுவார்கள்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது திருச்சியை ஒட்டி வரும் காவிரிப் பாலம். வண்டி பாலத்தில் ஏறும் சத்தம் மாறியவுடன் பெட்டியே எழுந்து ஜன்னல் பக்கம் சாயும். ஒருவர் கும்பிடுவார், ஒருவர் காசு போடுவார். ஜூன் 12 மேட்டூர் திறக்கும் நாள் என்பது டெல்டாக்காரர்களுக்கு மனப்பாடம். அதை ஒட்டிய வாரங்களில் அதுவரை வாயே திறக்காமல் வந்த பெரியவர்கூட “தண்ணி வந்துருச்சா?” என்று கேட்டுவிடுவார். மணல் மட்டும் தெரிந்தால் அந்தப் பெட்டியில் கொஞ்ச நேரம் சத்தம் குறைந்துவிடும். கொஞ்சம் நீர் தெரிந்தாலும் நாற்று, உரம், கூலி என்று பேச்சு பாலம் தாண்டியும் நிற்காது. வந்தே பாரத்தும் அதே பாலத்தில்தான் போகிறது. மூடிய கண்ணாடிக்குள் பாலத்தின் சத்தமே சரியாகக் கேட்பதில்லை, யாரும் எழுவதும் இல்லை. மூன்றில் எது என்று எனக்குத் தீர்த்துவைத்தது அந்தப் பாலம்தான்.

சின்னக் குழந்தைகளோ உடம்பு முடியாதவர்களோ கூட இருந்தால் வைகையிலேயே முன்பதிவு இருக்கை எடுங்கள், நின்றுகொண்டே போகும் அபாயம் வேண்டாம். தீபாவளி, பொங்கல் கூட்டத்தில் முன்பதிவில்லாத பெட்டிப் பக்கமே போகாதீர்கள். மூச்சு விடவே இடம் இருக்காது, எங்கே ஜனங்களைப் பார்ப்பது? திசையையும் யோசித்துக்கொள்ளுங்கள். எழும்பூரில் மதியம் கிளம்பும் வண்டி திருச்சிக்கு வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். மதுரையில் காலையில் கிளம்பும் வண்டி என்றால் எல்லாமே வெளிச்சத்தில். அரை மணி நேரம் முன்னாலேயே போய் ஏறிவிடுங்கள். ஜன்னலோரத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிட்டு, நடைபாதை ஓரமாக உட்காருங்கள். ஏறுபவரும் இறங்குபவரும் உங்களைத் தாண்டித்தான் போகவேண்டும்.