245 பவுண்ட் காஷ்மியர் ஸ்வெட்டர்: மூன்று குளிர்காலம் போட்ட பிறகு

திருப்பூர்க்காரன் ஒருவன் ஒரே ஒரு மேலுடுப்புக்கு 245 பவுண்ட் கொடுத்தான் என்றால் ஊரில் யாரும் நம்ப மாட்டார்கள். காதர்பேட்டையில் எக்ஸ்போர்ட் ரிஜெக்ட் பீஸைக் குவியலில் கிளறி எடுத்துப் போட்டு வளர்ந்தவன் நான். துணிக்கு விலை கொடுப்பது ஏமாளித்தனம் என்றே நினைத்திருந்தேன். எடின்பரோவுக்கு வந்தபிறகும் முதல் குளிர்காலத்தை ஊரிலிருந்து கொண்டுவந்த இரண்டு பனியனை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டே ஓட்டினேன்.

2022 அக்டோபரில் புத்தி மாறியது. அந்த வருஷம் கேஸும் கரண்டும் ஏறிய ஏற்றத்தில் வீட்டு ஹீட்டரைத் தொடவே பயமாக இருந்தது. நாள் முழுக்க வீட்டில் உட்கார்ந்து வேலை. ஹீட்டருக்குக் கொடுப்பதை உடம்பில் போட்டுக்கொள்ளலாமே என்று ஒரு கணக்குப் போட்டு, ஆன்லைனில் கருநீலத்தில் வட்டக் கழுத்து வைத்த ஸ்வெட்டர் ஒன்றை வாங்கினேன். நூறு சதவீதம் காஷ்மியர், அதாவது ஆட்டின் மெல்லிய உள்மயிரில் நூற்றது, ஸ்காட்லாந்தில் பின்னியது. நம் ரூபாயில் அன்றைக்கு இருபத்திரண்டாயிரத்தைத் தாண்டியது. அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலையை விட்ட வருஷம் வாங்கிய மாதச் சம்பளத்தைவிட ஜாஸ்தி. அதனால் அம்மாவிடம் விலையைப் பாதியாகச் சொன்னேன்.

இங்கே ஆன்லைனில் வாங்கிய பொருளைக் கைக்கு வந்து 14 நாளுக்குள் காரணமே சொல்லாமல் வேண்டாம் என்று சொல்லலாம், சட்டமே அப்படி. அந்த 14 நாள்தான் எனக்கு நரகம். கடையில் போட்டுப் பார்ப்பது போலப் பார்க்கலாம், அதற்கு மேல் புழங்கியிருந்தால் திருப்பித் தரும் பணத்தில் பிடித்துக்கொள்வார்கள். அட்டையைக் கத்தரிக்காமல் கழுத்துக்குள் செருகிக்கொண்டு, சாம்பார் கொதிக்கும் நேரத்தில் பக்கத்து அறைக்குள் பதுங்கி, ராத்திரி பத்து நிமிஷம் பதினைந்து நிமிஷம் என்று போட்டுப் பார்த்தேன். தொட்டால் பூனைக்குட்டி. அதில் சந்தேகமே இல்லை. ஆனால் தொட்டால் மெத்தென்று இருப்பதற்கும் நாள்பட உழைப்பதற்கும் சம்பந்தம் இல்லை என்பது பனியன் ஊரில் பிறந்த எனக்குத் தெரியும். புது பனியன் எல்லாமே மெத்தென்றுதான் இருக்கும்.

ஐந்தாம் நாள் வீடியோ காலில் அம்மாவுக்குக் காட்டினேன். அம்மா பதினெட்டு வருஷம் டியூப் லைட்டுக்குக் கீழே நின்று ஓட்டை, எண்ணெய்க் கறை, ஊசிக் கோளாறில் விழும் நீடில் லைன் கோடு என்று தேடித் தேடி ஸ்டிக்கர் ஒட்டியவர். நிறத்தைப் பற்றியோ எனக்குப் பொருந்துகிறதா என்றோ ஒரு வார்த்தை பேசவில்லை.

"கழட்டு கண்ணு. உள்ளாரத் திருப்பு. சித்த வெளிச்சத்துக்கு வா."

திருப்பிக் காட்டினேன். அக்குள், தோள், கழுத்து, கைமுனை என்று வரிசையாகக் கேட்டார். நாலாவது நிமிஷம் குரல் மாறியது.

"ஓவர்லாக்கே இல்லியே. எப்புடி ஒட்டியிருக்காங்க?"

அதுவரைக்கும் நானும் கவனிக்கவில்லை. நம் ஊரில் வட்ட மெஷினில் துணியாகப் பின்னி, கத்தரித்து, ஓவர்லாக்கில் ஓட்டுவார்கள். உள்பக்கம் ஒரு தடித்த வரப்பு மாதிரி தையல் நிற்கும். இதில் அந்த வரப்பு இல்லை. முன்பாகம், பின்பாகம், கை எல்லாம் காலர் பின்னுவது போல பிளாட் மெஷினில் அந்தந்த வடிவத்துக்கே கண்ணியைக் கூட்டியும் குறைத்தும் பின்னியிருக்கிறார்கள். அக்குள் ஓரத்தில் சாய்வாகச் சின்னச் சின்னப் புள்ளி தெரிந்தது. கண்ணி குறைத்த இடம் அது. கழுத்துப் பட்டையை ஒவ்வொரு கண்ணியாக ஊசியில் மாட்டி உடம்போடு கோத்திருந்தார்கள். லிங்கிங் என்பார்கள். கத்தரித்துத் தைத்ததில் தையல் பிரிந்தால் துணி அவிழ்ந்துகொண்டே போகும். இதில் வெட்டு வாயே கிடையாது.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "இது நீ சொன்ன வெலைக்கு வராது. நெசத்தைச் சொல்லு" என்றார். சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "கூட ஒரு நூல் குடுத்திருப்பாங்களே, அதத் தொலைச்சிராத" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

நூல் இருந்தது. அட்டையோடு ஒரு சின்ன கவரில் அதே கருநீல நூல், இரண்டு கை நீளம்.

சமையலறைத் தராசில் வைத்தேன்: 290 கிராம். இரட்டைப் புரி நூல். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் தெரியவில்லை. ஓரத்து ரிப் பட்டையை இழுத்து விட்டால் உடனே பழைய இடத்துக்கு வந்தது. இதெல்லாம் நல்ல சகுனம். ஒரு ஆட்டிடமிருந்து வருஷத்துக்கு ஒருமுறை வசந்தத்தில் சீவி எடுக்கும் உள்மயிர், முரட்டு மயிரைப் பிரித்த பிறகு, சுமார் 150 முதல் 200 கிராம்தான் தேறும். பிரிப்பதிலும் நூற்பதிலும் கழிவு போகும். ஆக என் உடம்பில் இருப்பது இரண்டு ஆட்டின் ஒரு வருஷ உழைப்புக்கும் மேலே. அந்த ஆடுகளும் ஸ்காட்லாந்து ஆடுகள் இல்லை. உலகக் காஷ்மியரில் பெரும்பங்கு சீனாவிலிருந்தும் மங்கோலியாவிலிருந்தும்தான் வருகிறது. திருப்பூர் பனியனுக்குப் பருத்தி எங்கிருந்தோ வருவது போலத்தான். லேபிளில் பின்னிய ஊரின் பெயர் நிற்கும்.

பதின்மூன்றாம் நாள் ராத்திரி முடிவெடுத்தேன். தராசும் வெளிச்சமும் எல்லாம் சரி, உண்மையான காரணம் வேறு: அன்றைக்கு நல்ல குளிர், கழற்ற மனசு வரவில்லை. அட்டையைக் கத்தரித்தேன்.

அடுத்து வந்ததுதான் வயிற்றெரிச்சல். டிசம்பர் முடிவதற்குள் இரண்டு விலாப்பக்கமும், வலது தோளிலும் உருண்டை உருண்டையாகப் பிசிறு கட்டிவிட்டது. 245 பவுண்ட் உருண்டை! படம் எடுத்து கம்பெனிக்கு மெயில் போட்டேன். "இது இயற்கை இழையின் குணம், குறை அல்ல" என்று மூன்று வரியில் பதில். வாங்கி ஆறு மாதத்துக்குள் தெரியும் குறை வாங்கும்போதே இருந்ததாகத்தான் இங்கே சட்டம் எடுத்துக்கொள்ளும். அதைக் காட்டிச் சண்டை போடலாம் என்று இன்னொரு மெயில் எழுதி வைத்தேன். அனுப்புவதற்கு முன் ஸ்வெட்டரை எடுத்து ஒருமுறை செக்கிங் மாதிரி பார்த்தேன். இடது தோள் சுத்தமாக இருந்தது. முதுகு சுத்தம். வலது தோளில் உருண்டை இருந்த இடம் சரியாக என் பையின் வார் உட்காரும் இடம். விலாப்பக்கம் கை உரசும் இடம். இழை குட்டையாக இருந்தால் நூலிலிருந்து முனை வெளியே வந்துவிடும். உரசல் பட்டால் அந்த முனைகள் ஒன்றோடொன்று சிக்கி உருளும். அவர்கள் சொன்னதில் பாதி உண்மை, என் பையில் மீதி. மெயிலை அழித்தேன். கோபம் மட்டும் ஒரு மாதம் இருந்தது.

அந்தக் கோபத்திலேயே ஏப்ரலில் ஹாயிக்குக்கு ஒரு நடை போய்வந்தேன். எழுத்துக் கூட்டிப் படித்தால் ஹாவிக் என்று வரும். அப்படிச் சொன்னால் டிரைவருக்குப் புரியாது. ஸ்காட்லாந்தின் தென்பகுதியில் டெவியட் ஆற்றங்கரை ஊர். 1771-இல் ஜான் ஹார்டி என்பவர் காலுறை பின்னும் தறிகளைக் கொண்டுவந்து வைத்ததிலிருந்து அங்கே பின்னலே பிழைப்பு. ரயில் பாதையை 1969-இல் மூடிவிட்டார்கள். 2015-இல் திரும்பப் போட்டபோதும் ட்வீட்பேங்க் வரைக்கும்தான் போட்டார்கள். அதனால் எக்ஸ் 95 பஸ்தான். ஆற்றைப் பார்த்ததும் நொய்யல் நினைவு வந்தது, வேறென்ன. சாயத் தண்ணீரால் நாங்கள் கெடுத்து, 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் வரை போன ஆறு. டெவியட்டின் தண்ணீர் உப்பில்லாத மெல்லிய தண்ணீர், கம்பளி அலச ஏற்றது என்பதைப் பெருமையாகச் சொல்கிறார்கள்.

அங்கே ஒரு ஆலைக் கடையில் வயதான அம்மா ஒருவர் இரண்டு ஸ்வெட்டரை மேசையில் போட்டுக் காட்டினார். ஒன்று தொட்டால் உருகுகிறது, இன்னொன்று கொஞ்சம் விறைப்பு. இரண்டும் ஒரே நூல். பின்னி முடித்த பிறகு சோப்புத் தண்ணீரில் அலசிப் பூ, அதாவது மேலே மெல்லிய மயிர், எழுப்புவார்கள், மில்லிங் என்று பெயர். அதிக நேரம் அலசினால் பூ நிறைய எழும், கைக்குச் சுகமாக இருக்கும், சீக்கிரம் உருண்டையும் கட்டும். குறைவாக அலசியது முதலில் விறைப்பாக இருந்து, துவைக்கத் துவைக்க வீட்டிலேயே மெத்தென்று ஆகும். "எதை அதிகம் வாங்குகிறார்கள்?" என்று கேட்டேன். உருகுகிறதைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார். என்னுடையது எந்த ரகம் என்று கேட்கவே தேவைப்படவில்லை.

ஆனால் ஒன்று. உருண்டையைச் சீப்பால் சீவி எடுத்தேன். ஸ்வெட்டருக்கென்றே ஆறு பவுண்டுக்குச் சின்னச் சீப்பு கிடைக்கிறது. சவர மெஷின் மாதிரி ஒன்றும் விற்கிறார்கள். அது உருண்டையோடு நல்ல இழையையும் அறுக்கும், வேண்டாம். துணியை மேசையில் விரித்து, ஒரே திசையில், குழந்தைக்குச் சிக்கெடுப்பது போல. முதல் தடவை ஒரு கைப்பிடிப் பஞ்சு வந்தது. இரண்டாவது தடவை பாதி. மூன்றாவதுக்கு அப்புறம் கிட்டத்தட்ட நின்றேவிட்டது. வெளியே வரவேண்டிய குட்டை இழையெல்லாம் வந்து முடிந்தது என்று அர்த்தம். தரம் குறைந்த நூலாக இருந்தால் வந்துகொண்டே இருந்திருக்கும். இது 14 நாளில் எவனுக்கும் தெரியாது.

துவைப்பது பற்றி நிறையப் பேர் பயப்படுகிறார்கள், பெரிய விஷயமில்லை. வெதுவெதுப்பைவிடச் சூடு குறைந்த தண்ணீர், கம்பளி ஷாம்பூ ஒரு ஸ்பூன், கசக்காமல் அமுக்கி அமுக்கி எடுப்பது. சாதாரண சோப்புப் பவுடரில் கறை தின்ன என்சைம் இருக்கும், அது கம்பளியையும் தின்னும். ஈரத்தில் தோளைப் பிடித்துத் தூக்கினால் தொங்கி நீண்டுவிடும். துண்டில் வைத்துப் பாய் மாதிரி சுருட்டி அதன் மேல் முட்டி போட்டு அமுக்கினால் தண்ணீர் போய்விடும். விரித்துக் காயவைக்க எடின்பரோவில் இரண்டு நாள். வாங்கியபோது நீளம் 68 சென்டிமீட்டர், இப்போது 67.

அந்துப்பூச்சிதான் நான் எதிர்பார்க்காத எதிரி. 2024 கோடையில் பீரோவில் மடித்து வைத்துவிட்டு செப்டம்பரில் எடுத்தால் கீழ் ஓரத்துக்குப் பக்கத்தில் மிளகு அளவு ஓட்டை. தங்க நிறத்தில் பறக்கும் பூச்சி எதையும் தின்னாது, அதன் புழுதான் தின்னும். வியர்வையும் சோற்றுக் கறையும் பட்ட இடம் என்றால் அதற்கு விருந்து. நான் துவைக்காமல் உள்ளே வைத்தேன், என் தப்பு. கவரில் இருந்த நூலை எடுத்து, அம்மா வீடியோவில் பார்த்துக்கொண்டே சொல்லச் சொல்ல, கீழ்க் கண்ணியைப் பிடித்து மேல் கண்ணியோடு கோத்து நானே அடைத்தேன். ஒன்றரை மணி நேரம். அம்மா ஒரு தடவை "அவுத்துட்டு மறுக்காப் போடு" என்றார். போட்டேன். தெரிந்தவன் பார்த்தால் தெரியும்.

போனில் ஒவ்வொரு தடவை போட்டதையும் குறித்து வைத்திருக்கிறேன், கஞ்சப் புத்தி. முதல் குளிர்காலம் 31 நாள், இரண்டாவது 44, மூன்றாவது 38. மொத்தம் 113. சீப்பு, ஷாம்பூ எல்லாம் சேர்த்து 265 பவுண்ட் என்றால் ஒரு நாளைக்கு 2 பவுண்ட் 35 பென்ஸ். அதே காலத்தில் ஒரு சாதாரண லாம்ஸ்வுல் (செம்மறிக் குட்டியின் கம்பளி) ஸ்வெட்டரும் வாங்கினேன், 65 பவுண்ட். அதை 150 நாளாவது போட்டிருப்பேன், நாளைக்கு 43 பென்ஸ். அது கொஞ்சம் குத்தும், உள்ளே காட்டன் பனியன் போட்டால் தீர்ந்தது. பையும் மாட்டலாம், பஸ்ஸிலும் தூங்கலாம். குளிரை மட்டும் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. முழங்கையில் காஷ்மியர் இப்போது மெலிந்திருக்கிறது. வெளிச்சத்தில் பிடித்தால் விரல் நிழல் தெரிகிறது. லாம்ஸ்வுல் அப்படியே இருக்கிறது.

அதனால் யாராவது கேட்டால் நான் சொல்வது கொஞ்சம் குழப்பமாக இருக்கும். வாங்கியிருக்க வேண்டாம். ஆனால் வாங்கிய பிறகு திருப்பிக் கொடுக்காதது சரி. அந்த லிங்கிங்கும் அந்த நூலும் கொடுத்த காசுக்கு நியாயமான வேலை. என் வாழ்க்கைதான் அதற்குத் தோதாக இல்லை. பை மாட்டாத, காரில் போகிற, வீட்டில் தாளிக்காத ஆளுக்கு இது பத்து வருஷம் வரும். இரண்டாவது ஒன்று வாங்குவேனா என்றால் மாட்டேன். இதை விற்பேனா என்றால் அதுவும் மாட்டேன். கழுத்துப் பக்கம் தோலில் படும்போது வரும் சுகத்துக்கு 43 பென்ஸ் கணக்கு எடுபடாது.

போன வாரம் பீரோவில் மறுபடி ஒரு அந்துப்பூச்சி பறந்தது. உடனே துவைத்து, நன்றாகக் காயவைத்து, இரண்டு பிளாஸ்டிக் கவருக்குள் காற்றை அமுக்கி மூடி ஃப்ரீசரில் வைத்துவிட்டேன். மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் கிடந்தால் முட்டையும் சாகும். இதை எழுதும்போது அது தேங்காய்த் துருவலுக்கும் முருங்கைக்காய்ப் பாக்கெட்டுக்கும் நடுவில் கிடக்கிறது. அம்மாவுக்குப் படம் அனுப்பினேன். "முருங்கைக்கா வாசம் ஏறப் போகுது, தள்ளி வை" என்று வாய்ஸ் மெசேஜ் வந்திருக்கிறது.