பில்லைப் பிரிக்கும் செயலி: மூன்று சாப்பாடுகளில் ஒரு சோதனை

பெருங்குடியில் மென்பொருள் வேலை பார்க்கும் நண்பர்கள் நால்வர், ஓட்டல் பில்லை அவரவர் சாப்பிட்டதற்கேற்பப் பிரித்துத் தரும் கைப்பேசிச் செயலி ஒன்றை ஓய்வு நேரத்தில் உருவாக்கி வருகிறார்கள். இன்னும் பெயர்கூட வைக்காத அதன் சோதனைப் பதிப்பை என்னிடம் கொடுத்து, தயவுதாட்சண்யம் பாராமல் குறை சொல்லும்படி கேட்டுக்கொண்டார்கள். தேனாம்பேட்டையில் அலுவலக நண்பர்களுடன் ஒரு மதியச் சாப்பாடு, நுங்கம்பாக்கத்தில் ஒரு பிரிவு உபசார விருந்து, மயிலாப்பூரில் குடும்பத்தோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை டிபன் என மூன்று முறை பயன்படுத்திப் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன்.

2011-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ஸ்ப்ளிட்வைஸ் போன்ற செயலிகள், ஒரே வீட்டில் தங்கியிருப்பவர்களும் சேர்ந்து பயணம் போகிறவர்களும் நாள்கணக்கில் வரவு செலவைத் தொடர்ந்து எழுதிவைப்பதற்கு ஏற்றவை. இந்தச் செயலியின் நோக்கம் அதைவிடச் சிறியது: கை கழுவிவிட்டு வருவதற்குள் ஒரு வேளைச் சாப்பாட்டின் கணக்கை முடித்துவிட வேண்டும். தேனாம்பேட்டையில் நாங்கள் ஏழு பேர். சாப்பாடு 3,640 ரூபாய், அதற்கு 5 சதவீத ஜிஎஸ்டி 182, ஆக மொத்தம் 3,822. சமமாகப் பிரித்தால் தலைக்கு 546 ரூபாய் வரும். வெஜிடபிள் பிரியாணியும் மோரும் மட்டும் சாப்பிட்ட என் பங்கு, வரியோடு சேர்த்து 325 ரூபாய் 50 காசுதான். மற்றவர்கள் பகிர்ந்துகொண்ட மட்டன் சுக்காவுக்கு மாதந்தோறும் நான் 220 ரூபாய் மொய் எழுதி வந்திருக்கிறேன் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. ஆனால் பில்லைப் படம் எடுத்ததும் இந்தச் செயலி பெரிய எழுத்தில் முதலில் காட்டும் பொத்தான் 'சமமாகப் பிரி' என்பதே. எந்த வழக்கத்தை மாற்றுவதற்காக இதைச் செய்தார்களோ, அந்த வழக்கத்துக்கே தலைவாசலைத் திறந்து வைத்திருக்கிறார்கள்.

பில்லைப் படிக்கும் பகுதி இன்னும் பக்குவப்படவில்லை. மங்கிய தாளில் அச்சான எழுத்துகளை அது தடுமாறாமல் படித்தது எனக்கு வியப்பாகவே இருந்தது. ஆனால் 'சிக்கன் 65' என்ற பெயரில் வரும் 65-ஐ எண்ணிக்கை என்று எடுத்துக்கொண்டு, 280 ரூபாய் வீதம் 65 தட்டுக்கு 18,200 ரூபாய் என்று கணக்குக் காட்டியது. சென்னையில் வெளியிடப்போகும் செயலியை முதலில் இந்த ஒரு பதார்த்தத்தை வைத்தே சோதித்திருக்க வேண்டாமா? சொன்ன மறுவாரமே திருத்திவிட்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மூவர் பகிர்ந்த 250 ரூபாய்த் தட்டை 83 ரூபாய் 33 காசாகப் பிரிக்கும்போது மிஞ்சும் ஒரு காசை, பில் கட்டியவர் கணக்கிலேயே சேர்த்துவிடுகிறார்கள். சின்ன விஷயம்தான், ஆனால் கூட்டுத்தொகை பில்லோடு எப்போதும் ஒத்துப்போவதற்கு அதுவே காரணம்.

இதன் மிகச் சிறந்த முடிவு, செயலி ஒரே ஒருவர் கைப்பேசியில் இருந்தால் போதும் என்பது. மற்றவர்கள் எதையும் பதிவிறக்க வேண்டாம், கணக்குத் தொடங்கவும் வேண்டாம். பில் கட்டியவரின் திரையில் ஒவ்வொருவர் பெயருக்கும் தொகை நிரப்பிய க்யூஆர் குறியீடு ஒன்று வருகிறது. தம்முடைய யுபிஐ செயலியில் அவரவர் ஸ்கேன் செய்து அனுப்பிவிடலாம். முதலில் இவர்கள் நினைத்திருந்தது வேறு: ஒவ்வொருவருக்கும் பணம் கேட்டு யுபிஐ கோரிக்கை அனுப்புவது. மோசடிகளைத் தடுப்பதற்காகத் தனிநபர்களுக்கு இடையிலான அந்தக் கோரிக்கை வசதியை, யுபிஐயை நடத்தும் அமைப்பான என்பிசிஐ 2025 அக்டோபர் முதல் நிறுத்திவிட்டதால் க்யூஆருக்கு மாறினார்கள். அது நல்லதாகவே முடிந்தது. சாப்பிட்ட மேசையிலேயே கணக்குத் தீர்ந்துவிடுவதால், மூன்று நாள் கழித்துக் கூச்சத்தோடு நினைவூட்டும் வேலை இல்லை.

நுங்கம்பாக்கத்தில்தான் செயலி தடுமாறியது. அந்த ஓட்டலில் எங்களைக் கேட்காமலே சேவைக் கட்டணத்தைப் பில்லில் சேர்த்திருந்தார்கள். அப்படித் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. டில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. செயலியோ அதையும் ஒரு வரியாகவே பாவித்து, மறுபேச்சில்லாமல் எல்லோர் தலையிலும் பங்கு போட்டது. நாங்கள் கேட்டதும் மேலாளர் அதை நீக்கிப் புதிய பில் தந்தார். அந்தப் பில்லைப் படம் எடுத்தபோது, யார் எதைச் சாப்பிட்டார் என்று கால் மணி நேரம் செலவழித்துக் குறித்ததெல்லாம் அழிந்துபோயிற்று. மதுவுக்கான பில் தனியாக வந்தது. மது ஜிஎஸ்டிக்குள் வராது, அதற்கு மாநில அரசின் மதிப்புக் கூட்டு வரி. ஒரே விருந்துக்கு இரண்டு பில், இரண்டு விதமான வரி என்பதை இந்தச் செயலியில் பதிவு செய்ய இடமே இல்லை. வேறு வழியின்றி மதுவைத் தனி விருந்தாகக் கணக்கெழுதினோம். குடிக்காதவர்களுக்கு அதில் வருத்தமில்லை.

பிரிந்து செல்லும் நண்பரின் பங்கை மற்றவர்கள் ஏற்றுக்கொள்வதுதான் அன்றைய விருந்தின் நோக்கமே. அதற்கும் செயலியில் வழியில்லாததால், அவர் பெயரையே பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு அவர் சாப்பிட்டதை எங்களுக்குள் பங்கிட்டுக் குறித்தோம். யாருக்காக விருந்து வைத்தோமோ அவர் பெயர் இல்லாத பட்டியலை அவருக்கு எதிரிலேயே தயாரிப்பது சங்கடமாக இருந்தது. பிறந்தநாள்காரர், முதல் சம்பளம் வாங்காத பயிற்சியாளர், ஊரிலிருந்து வந்த விருந்தாளி என்று நம் மேசைகளில் பணம் கொடுக்கக் கூடாதவர் ஒருவராவது அநேகமாக இருப்பார். 'இவர் பங்கு எங்களுடையது' என்று ஒரு பொத்தானை இவர்கள் சேர்த்தே ஆக வேண்டும்.

மயிலாப்பூரில் நான் பில்லைப் படம் எடுக்கக் கைப்பேசியை நீட்டியபோது, சித்தப்பா "என்னப்பா, எனக்கே கணக்கு காட்டறியா?" என்று கேட்டபடி பில்லை வாங்கித் தன் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். அலுவலகச் சாப்பாடுகளுக்கு இந்தச் செயலியை வைத்துக்கொண்டிருக்கிறேன். சித்தப்பா வரும் இடங்களில் திறப்பதாக இல்லை.