8 வருடம், 11 முறை: காருக்கு நானே ஆயில் மாற்றிய கதை

காருக்கு நானே ஆயில் மாற்ற ஆரம்பித்து 8 வருடம் ஆகிவிட்டது. இதுவரை 11 முறை மாற்றியிருக்கிறேன். எல்லாம் ஒரே வண்டிதான். சின்ன பெட்ரோல் கார், ஃபில்டரோடு சேர்த்து 3.5 லிட்டர் ஆயில் பிடிக்கும். ஆயிலை வடிப்பதும் ஊற்றுவதும் முதல் நாளிலேயே பழகிவிடும். எந்த இடத்தில் இறுக்குவதை நிறுத்த வேண்டும் என்பது மட்டும் எனக்குப் பிடிபட நாலு வருடம் ஆனது.

ஆரம்பித்ததே ஒரு கோபத்தில்தான். சர்வீஸுக்கு விட்டிருந்தேன், புது ஃபில்டர் போட்டதாக பில்லில் இருந்தது. ஒரு வாரம் கழித்துக் கண்ணாடி கழுவும் தண்ணீர் ஊற்ற பானட்டைத் திறந்தேன். என் காரில் ஃபில்டர் மேலிருந்தே கண்ணுக்குத் தெரியும். கைதான் கீழேயிருந்து போக வேண்டும். டார்ச் அடித்துப் பார்த்தால் ஃபில்டர் முழுக்கப் புழுதி. அதற்கு முந்தைய சர்வீஸில் யாரோ மார்க்கரால் எழுதிய தேதி அப்படியே இருக்கிறது. போய்ச் சத்தம் போட்டதும் மாற்றிக் கொடுத்தார்கள். ஆனால் அதற்கப்புறம் பில்லில் இருக்கும் எந்த வரியையும் நம்ப மனசு வரவில்லை.

முதல் தடவை மூன்று மணி நேரம் பிடித்தது. அதில் அரை மணி நேரம் டிரெயின் போல்ட்டை, அதாவது ஆயில் வடியும் துளையை அடைக்கும் போல்ட்டை, கழற்றவே போனது. மல்லாந்து படுத்துக்கொண்டு கையைத் தலைக்கு மேலே நீட்டினால் எது வலம், எது இடம் என்று மூளை குழம்பிவிடும். கழற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு நான் நன்றாக இறுக்கியிருக்கிறேன். இப்போதெல்லாம் போல்ட்டின் தலையை நேருக்கு நேர் பார்ப்பதாக மனசுக்குள் நிறுத்திக்கொண்டு, கடிகாரம் சுற்றும் திசைக்கு எதிராகத் திருப்புகிறேன். ஓப்பன் ஸ்பேனர் போட்டு முனையை மழுக்கிவிடாதீர்கள். ஆறு முனை சாக்கெட் ஒன்று கையில் இருந்தால் போதும்.

வடிப்பதற்கு முன்னால் இன்ஜினை ஐந்து நிமிடம் ஓடவிடுவேன். ஆயில் கொஞ்சம் சூடானால் இளகி வேகமாக இறங்கும். நெடுந்தூரம் ஓட்டிவிட்டு வந்த கையோடு திறந்தால் தோல் வெந்துவிடும், ஆயில் அப்போது ஏறக்குறைய 100 டிகிரியில் இருக்கும். இன்னொன்று, போல்ட் கடைசி மரையில் வரும்போது அதை லேசாக உள்நோக்கி அழுத்திக்கொண்டே சுற்ற வேண்டும். முழுக்க விடுபட்டது என்று விரலுக்குத் தெரிந்ததும் சட்டென்று பக்கவாட்டில் இழுத்தால் கை தப்பும். இது கைவருவதற்குள் நாலைந்து தடவை டிரேக்குள் கைவிட்டுப் போல்ட்டைத் துழாவியிருக்கிறேன். முதல் வீச்சு நேராக இறங்காது, ஒரு சாண் தள்ளித்தான் விழும். டிரேயை அதற்குத் தகுந்தாற்போல் தள்ளி வைத்துவிட்டு, தாரை மெலிய மெலியப் பின்னால் நகர்த்த வேண்டும்.

இனி இறுக்குவதற்கு வருகிறேன். முதல் முறை ஃபில்டரை என் பலம் முழுவதையும் கொடுத்து இறுக்கினேன், ஒழுகிவிடக் கூடாதே என்ற பயம். அதற்கான தண்டனை அடுத்த வருடம் கிடைத்தது. பெல்ட் ரெஞ்ச் வழுக்கியது. ஸ்க்ரூ டிரைவரைக் குத்தித் திருப்பினால் கழன்றுவிடும் என்று யாரோ சொன்னதை நம்பிக் குத்தினேன். தகரம் கிழிந்து ஆயில் முழங்கை வரை வழிந்ததே தவிர, ஃபில்டர் அசையவில்லை. கடைசியில் அதன் அளவுக்கேற்ற கப் சாக்கெட் வாங்கி வந்துதான் கழற்றினேன். ஃபில்டர் பெட்டியிலேயே எழுதியிருக்கிறது: கேஸ்கெட்டில் (ஃபில்டர் வாயில் இருக்கும் ரப்பர் வளையம்) புது ஆயிலைத் தடவு, கையால் சுற்று, கேஸ்கெட் தொட்டதும் இன்னும் முக்கால் சுற்று, அவ்வளவுதான். மொத்தமே ஏழெட்டு வரிதான், அதையும் நான் படிக்கவில்லை.

இரண்டாவது பாடம் டிரெயின் போல்ட்டில். நாலாவது தடவை. என் காரின் சம்ப் (இன்ஜினுக்கு அடியில் ஆயில் தங்கும் தொட்டி) அலுமினியம், போல்ட் இரும்பு. கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று இறுக்கிக்கொண்டே போனேன். இறுகி வந்த போல்ட் திடீரென்று இளகியது. அந்த இளக்கத்தை என் உள்ளங்கை இன்னும் மறக்கவில்லை. மரை போய்விட்டது. வேறு சம்ப் போட வேண்டும் என்று பயந்தேன். நல்லவேளை, மெக்கானிக் துளையைக் கொஞ்சம் பெரிதாக்கிப் புது மரை வெட்டி, அதற்குள் கம்பிச்சுருள் மரை ஒன்றைப் பொருத்திக் கொடுத்தார். ஐந்து வருடமாக அது ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. அதற்கப்புறம்தான் டார்க் ரெஞ்ச் வாங்கினேன், வைத்த அளவுக்கு இறுகியதும் சத்தம் கொடுக்கும் ஸ்பேனர் அது. என் காருக்கான கையேட்டில் 35 நியூட்டன் மீட்டர் என்று இருக்கிறது. முதல் முறை அந்த அளவில் வைத்து இழுத்தபோது ‘டிக்’ என்று கேட்டதும், இவ்வளவுதானா என்று இருந்தது. சந்தேகத்தில் இன்னொரு தடவை இழுக்கத் தோன்றும். இழுக்கக் கூடாது. ஒழுகாமல் பார்த்துக்கொள்வது இறுக்கம் மட்டுமில்லை, போல்ட்டுக்கு அடியில் இருக்கும் வாஷரும்தான். மென்மையான உலோகத்தில் செய்தது அது, ஒரு தடவை நசுங்கித்தான் இடைவெளியை அடைக்கிறது. அதையே திரும்பப் போட்டால் பாதி வேலைதான் செய்யும். மாற்றுவதற்குக் காசு என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. ஒவ்வொரு முறையும் புது வாஷர் போடுங்கள்.

ஆறாவது தடவை ஒரு பெரிய ஆபத்திலிருந்து மயிரிழையில் தப்பினேன். கழற்றிய ஃபில்டரைத் திருப்பிப் பார்த்தால் கேஸ்கெட்டைக் காணவில்லை. குனிந்து டார்ச் அடித்தேன். கறுப்பு வளையமாக இன்ஜின் பக்கமே ஒட்டிக்கொண்டு இருக்கிறது. அதைப் பார்க்காமல் புது ஃபில்டரை மேலே மாட்டியிருந்தால் இரண்டு கேஸ்கெட் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்திருக்கும். ஸ்டார்ட் செய்யும்போது எல்லாம் சரியாகத்தான் தெரியும். ஆயில் அழுத்தம் ஏறியதும் அது பிதுங்கிக்கொண்டு வெளியே வரும், சில நிமிடத்தில் மொத்த ஆயிலும் ரோட்டில் கொட்டிவிடும். இப்போது பழைய ஃபில்டரில் கேஸ்கெட்டைக் கண்ணால் பார்த்த பிறகுதான் புதுசின் பிளாஸ்டிக் உறையையே கிழிக்கிறேன்.

எந்த ஆயில் என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். கையேட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். எனக்கு 5டபிள்யூ-30. ‘டபிள்யூ’ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து. முன்னால் இருக்கும் எண் சிறிதாக இருந்தால் குளிர்ந்த இன்ஜினிலும் ஆயில் சீக்கிரம் பாயும். பின்னால் இருக்கும் 30, ஆயில் 100 டிகிரியில் இருக்கும்போது எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதற்கு. “பழைய வண்டிக்குக் கெட்டி ஆயில் போடுப்பா, இன்ஜின் சத்தம் குறையும்” என்று அறிவுரை சொல்ல எப்போதும் ஒரு மாமா இருப்பார். சத்தம் குறையலாம், ஆனால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் மேலே வால்வு வரைக்கும் ஆயில் போய்ச் சேர நேரமாகும். அந்த நேரத்தில் தேய்மானம் அதிகம். டப்பாவில் ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) தரக் குறியீட்டையும் பாருங்கள். எஸ்பி என்பது 2020-ல் வந்த பெட்ரோல் இன்ஜின் தரம், அதற்கு முந்தைய எஸ்என் கேட்கும் வண்டிக்கும் அதைப் போடலாம். புகைக்குழாயில் துகள் வடிகட்டி இருக்கும் டீசல் கார் என்றால் விஷயமே வேறு. அதற்கென்று சாம்பல் குறைவாக விடும் ஆயில் இருக்கிறது, தப்பானதைப் போட்டால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும்.

வடிந்த ஆயிலின் நிறத்தைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. கறுத்திருந்தால் அழுக்கைப் பிடித்து வைத்திருக்கிறது என்று அர்த்தம், அதுதான் அதன் வேலை. டீசலில் மாற்றிய அன்றைக்கே கறுத்துவிடும். நான் முகர்ந்து பார்ப்பேன். ஒரு வருடம் முழுக்க தினமும் இரண்டு கிலோமீட்டர் போய் வருவதற்கு மட்டும் காரை எடுத்தேன். இன்ஜின் சூடாகவே நேரமில்லை. ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கில் மட்டம் குறைவதற்குப் பதில் ஏறியிருந்தது, பெட்ரோல் வாசனை அடித்தது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் உட்புறம் சந்தனம் குழைத்த மாதிரி ஒரு பூச்சு. மூடியில் மட்டும் இருந்தால் அது ஈரம். ஆயில் முழுவதுமே அப்படி வந்தால் இன்ஜினைக் குளிரவைக்கும் கூலன்ட் கலக்கிறது என்று பொருள், வண்டியை அப்படியே நிறுத்திவிட வேண்டியதுதான். எனக்கு மூடியோடு போனது. கையேட்டில் 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம் என்று இருந்தாலும் அந்த வருடம் ஆறு மாதத்தில் மாற்றினேன். 8 வருடத்தில் 11 முறை ஆனதற்கு அதுவும் ஒரு காரணம்.

பாதுகாப்பு பற்றி ஒன்றே ஒன்று. வெறும் ஜாக்கியை நம்பிக் காருக்கு அடியில் தலையை நீட்டாதீர்கள், அரை நிமிட வேலை என்றாலும் வேண்டாம். முதல் இரண்டு வருடம் ஸ்டாண்ட் போட்டேன். அப்புறம் சாய்தளம் ஒரு ஜோடி வாங்கி முன் சக்கரத்தை அதில் ஏற்றி, பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுக்கிறேன். என் காரில் டிரெயின் போல்ட் பின்னோக்கி இருப்பதால் மூக்கு தூக்கி நின்றால் சம்ப் சுத்தமாக வடியும். முன்னோக்கி இருக்கும் காரில் கொஞ்சம் உள்ளேயே தங்கும்.

நடுவில் இரண்டு தடவை உறிஞ்சும் பம்ப் ஒன்றையும் முயன்று பார்த்தேன். டிப்ஸ்டிக் குழாய் வழியாக மேலிருந்தே ஆயிலை இழுக்கும். கை அழுக்காகவில்லை, படுக்க வேண்டியதில்லை. ஆனால் என் காரில் ஃபில்டருக்காக எப்படியும் கீழே போக வேண்டும், அப்புறம் பம்ப் எதற்கு? ஃபில்டர் மேலே இருக்கும் கார்க்காரர்கள் தாராளமாக வாங்கலாம். எனக்கு அது வேண்டாம் என்று மச்சானிடம் கொடுத்துவிட்டேன். போன சர்வீஸில் கீழே படுத்ததால்தான் சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட் மூட்டின் ரப்பர் உறை வெடித்து, கிரீஸ் சக்கரத்தின் உட்பக்கம் தெறித்திருந்தது தெரிந்தது. உறையோடு போயிற்று. பம்ப் வைத்திருந்தால் அந்த மூட்டு சத்தம் போட ஆரம்பித்த பிறகுதான் தெரிந்திருக்கும்.

ஊற்றும்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். வடிக்க ஆரம்பித்ததும் கார் சாவியைக் கழற்றிய ஆயில் மூடிக்குப் பக்கத்தில் வைத்துவிடுவேன். ஊற்றி முடித்து மூடியைத் திருகினால்தான் சாவி கைக்கு வரும், அதற்கு முன் யாரும் ஸ்டார்ட் செய்ய முடியாது. மூன்று லிட்டர் ஊற்றி, ஸ்டார்ட் செய்து, ஆயில் விளக்கு சில நொடியில் அணைகிறதா என்று பார்த்து, நிறுத்தி, பத்து நிமிடம் பொறுத்து டிப்ஸ்டிக் பார்த்து மிச்சத்தை ஊற்றுவேன். மேல் கோட்டைத் தாண்டக் கூடாது. அதிகமானால் இன்ஜினுக்குள் சுழலும் கிராங்க் தண்டு அதை அடித்து நுரையாக்கிவிடும், நுரையால் உராய்வைத் தாங்க முடியாது.

பணம் மிச்சமா? முதல் மூன்று வருடம் இல்லவே இல்லை, எல்லாம் கருவிகளுக்கே போனது. இப்போது மிச்சம்தான், ஆனால் அதற்காக மட்டும் என்றால் இதில் இறங்க வேண்டாம். முழு வேலையும் இப்போது 50 நிமிடம், அதில் பாதி துடைப்பது. வாரண்டி இருக்கும் வண்டி என்றால் ஆயில், ஃபில்டர் பில்லையும், அன்றைய ஓடோமீட்டர் படத்தையும் பத்திரமாக வையுங்கள்.

எனக்கு இதில் பிடிக்காத ஒரே பகுதி பழைய ஆயில். சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றவே கூடாது, கொஞ்சமே நிறையத் தண்ணீரைக் கெடுத்துவிடும். தோலுக்கும் கெடுதல், கையுறை இல்லாமல் தொடுவதில்லை. காலி ஆயில் கேனிலேயே நிரப்பி, ஃபில்டரையும் ஒரு நாள் கவிழ்த்து வடித்துச் சேர்த்து வைக்கிறேன். கூலன்ட்டோ பெட்ரோலோ கலந்துவிட்டால் மறுசுத்திகரிப்புக்கு எடுக்க மாட்டார்கள் என்பதால் தனிக் கேன். வாங்கிக்கொள்ளும் இடத்தைத் தேடி ஒரு முறை இரண்டு கேனோடு திரும்பி வந்திருக்கிறேன். ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே அந்த இடத்தைக் கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

12-வது மாற்றத்துக்கு இன்னும் 1,200 கிலோமீட்டர் இருக்கிறது. வாஷரும் ஃபில்டரும் வாங்கியாயிற்று. அதற்குள் படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் இரண்டு கேனையும் கொண்டுபோய்க் கொடுத்தாக வேண்டும்.