அரசு மருத்துவமனையின் குழந்தை அறுவை சிகிச்சைப் பிரிவு: எங்கள் மகனுக்குக் கிடைத்த ஹிர்ஷ்ஸ்ப்ரங் சிகிச்சை

எங்கள் மகனுக்குப் பெருங்குடலின் கடைசிப் பகுதியில் பிறவியிலேயே நரம்பணுக்கள் இல்லை. ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோய் எனப்படும் இக்குறைபாடு ஏறத்தாழ 5000 குழந்தைகளில் ஒன்றுக்கு வருகிறது. ஆண் குழந்தைகளுக்கே அதிகம். பெரிய அரசு மருத்துவமனை ஒன்றின் குழந்தை அறுவை சிகிச்சைப் பிரிவில் அவனுக்குச் சிகிச்சை நடந்தது. இதே நோய்க்காக அலையும் பெற்றோருக்கு உதவும் என்பதால், அங்கே கண்டதை நிறை குறைகளோடு எழுதுகிறேன்.

பிரசவம் நடந்தது வேறொரு தனியார் மருத்துவமனையில். நிறைமாதத்தில் பிறக்கும் பெரும்பாலான குழந்தைகளுக்கு 24 மணி நேரத்துக்குள் காட்டுப்பீ, அதாவது முதல் மலம், போய்விடும். எங்கள் மகனுக்கு மூன்றாம் நாள்தான் போனது. அதை யாரும் கேட்கவுமில்லை, குறித்துக்கொள்ளவுமில்லை. தாய்வீட்டுக்கு வந்த பிறகு வயிறு உப்பும், பால் குடிக்க மறுப்பான், பிறகு பச்சையாக வாந்தி எடுப்பான். என் அம்மா வெற்றிலைக் காம்பை விளக்கெண்ணெயில் தொட்டு ஆசனவாயில் வைப்பார். உடனே காற்றும் நாற்றமடிக்கும் மலமும் பீய்ச்சிக்கொண்டு வெளியேறும்; வயிறு அமுங்கி, பிள்ளையும் தூங்கிவிடுவான். சரியாகிவிட்டது என்று நாங்களும் நம்பினோம். இப்படியே ஏழு வாரங்கள் போயின.

அரசு மருத்துவமனையில் முதன்முதலாகப் பார்த்த பெண் மருத்துவர், வாந்தியைப் பற்றி விசாரிக்கும் முன்பே, முதல் மலம் எத்தனையாவது நாள் போனது என்று கேட்டார். வெற்றிலைக் காம்பு விஷயத்தை, திட்டு விழுமோ என்ற பயத்தில் அம்மா தயங்கித் தயங்கித்தான் சொன்னார். மருத்துவர் திட்டவில்லை, கையுறை அணிந்து விரலால் சோதித்தார். விரலை எடுத்ததும் வீட்டில் நடந்ததுபோலவே காற்றும் மலமும் பீறிட்டன. "நீங்க சொன்னதுதாம்மா எங்களுக்கு வேண்டிய தகவல், ஆனா இனிமே காம்பு வைக்காதீங்க" என்றார். படிக்காத ஒரு பாட்டியின் வாயிலிருந்து நோயின் வரலாற்றைப் பொறுமையாகக் கேட்டு வாங்கிய அந்தக் கவனத்துக்கே இப்பிரிவுக்கு நான் முதல் மதிப்பெண் தருவேன்.

ஓ.பி. சீட்டின் பின்புறத்தில் படம் வரைந்து அவர் விளக்கியது இன்னும் மனத்தில் நிற்கிறது. கரு வளரும்போது குடலின் நரம்பணுக்கள் மேலிருந்து கீழாக நகர்ந்து வருகின்றன; ஐந்தாம் வாரத்துக்கும் பன்னிரண்டாம் வாரத்துக்கும் இடையில் முடிய வேண்டிய அந்தப் பயணம் பாதியில் நின்றால், அதற்குக் கீழுள்ள குடல் தளர்ந்து கொடுக்காமல் இறுகியே கிடக்கிறது, மேலே உள்ள நல்ல குடல் தள்ளித் தள்ளி வீங்குகிறது. கோபன்ஹேகன் மருத்துவர் ஹரால்ட் ஹிர்ஷ்ஸ்ப்ரங் 1886-இல் இந்நோயை விவரித்தபோது வீங்கிய பகுதியையே நோய் என்று கருதினார். குறுகிய பகுதியில்தான் கோளாறு என்று கண்டு, அதை நீக்கி நல்ல குடலைக் கீழே இழுத்து இணைக்கும் அறுவை முறையை ஓர்வார் ஸ்வென்சன் வெளியிட்டது 1948-இல். ஆசனவாய் வழியாக மருந்து செலுத்தி எடுத்த எங்கள் மகனின் எனிமா எக்ஸ்ரேயிலும் கீழே ஒல்லியான குழாயும் அதற்கு மேல் புனல்போல விரிந்த குடலும் எங்கள் கண்ணுக்கே தெரிந்தன.

ஆனால் எக்ஸ்ரே போதாது. மலக்குடலின் சிறு துணுக்கை எடுத்து, நரம்பணு இல்லை என்பதை நுண்ணோக்கியில் உறுதிசெய்ய வேண்டும். இங்கேதான் முதல் குறை. முதல் பயாப்சியில் எடுத்த திசு ஆழம் போதவில்லை என்று பத்து நாள் கழித்து அறிக்கை வந்தது. இரண்டாவது முறை மயக்க மருந்து கொடுத்து எடுக்க வேண்டியதாயிற்று. அந்தப் பத்து நாட்களும் அறிக்கை எங்கே இருக்கிறது என்று சொல்ல ஆளில்லாமல் நானும் கணவரும் ஆய்வகத்துக்கும் வார்டுக்கும் நடந்தோம்.

அறுவைக்கு முன் ஐந்து வாரங்கள் குடலைக் கழுவி வர வேண்டியிருந்தது. அதைக் கற்றுக்கொடுத்த மூத்த செவிலியரை நான் மறக்கவே முடியாது. ரப்பர் குழாயில் ஜெல்லி தடவுவது, எதிர்ப்பு வந்தால் அழுத்தாமல் நிறுத்துவது, வெதுவெதுப்பான சலைனை 20 மில்லி சிரிஞ்சில் மெல்ல விட்டு, விட்ட அளவு திரும்பி வந்ததா என்று அளப்பது, சலைன் தீர்ந்துவிட்டது என்பதற்காக ஒருபோதும் பச்சைத் தண்ணீரை விடாமல் இருப்பது என ஒவ்வொன்றையும் செய்து காட்டினார். பிறகு மூன்று நாட்கள் என் கையாலேயே செய்ய வைத்து, பக்கத்தில் நின்று பார்த்த பிறகுதான் வீட்டுக்கு அனுப்பினார். காய்ச்சல், உப்பல், நாற்றமடிக்கும் வயிற்றுப்போக்கு, பிள்ளை துவண்டு போவது, இவற்றில் எது தெரிந்தாலும் இரவென்றும் பாராமல் ஓடி வர வேண்டும், அது குடல் அழற்சி, உயிரையே பறிக்கும், அறுவைக்குப் பிறகும் வரலாம் என்று எச்சரித்தவரும் அவரே.

வயிற்றைக் கிழிக்காமல், ஆசனவாய் வழியாகவே கெட்ட குடலை இழுத்து வெட்டி இணைக்கும் முறையில் அறுவை நடந்தது. மெக்சிகோ மருத்துவர்கள் 1998-இல் வெளியிட்ட முறை இது. எந்த இடத்தில் வெட்டுவது என்பதைக் கண்ணால் மட்டும் முடிவுசெய்ய முடியாது. பிள்ளை மேசையில் மயக்கத்தில் இருக்கும்போதே ஒரு துணுக்கை ஆய்வகத்துக்கு அனுப்பி, நோயியல் மருத்துவர் உறையவைத்துப் பார்த்து, நரம்பணு இருக்கிறது என்று சொன்ன பிறகுதான் இணைக்கிறார்கள். அன்று ஒரு ஊழியர் சிறு டப்பாவுடன் எங்களைக் கடந்து இரண்டு முறை ஓடினார். முதல் துணுக்கில் அணுக்கள் இல்லை. இன்னும் மேலே போனதில் இருந்தன. இந்தப் பரிசோதனையை அறுவை நேரத்திலேயே செய்ய முடியுமா என்பதை, எந்த மருத்துவமனையில் சேர்ப்பதாக இருந்தாலும் பெற்றோர் முன்கூட்டியே கேட்க வேண்டும்.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் அறுவைச் செலவு அடங்கியது. எங்களுக்கு ஆனது போக்குவரத்தும் வெளியே வாங்கிய சில பொருள்களும்தான். வார்டில் இரவில் தாய்மார் தரையில் பாய் விரித்துத்தான் படுக்கிறார்கள். பச்சை உடம்புக்காரிகளுக்கு அது கொடுமை. டிஸ்சார்ஜ் குறிப்பு முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது. கழுவும் முறையையும் ஆபத்து அறிகுறிகளையும் தமிழில் ஒரு தாளில் அச்சிட்டுத் தருவது பெரிய வேலையில்லை. அறுவைக்குப் பிறகு நாளுக்குப் பத்து, பன்னிரண்டு முறை மலம் போய்ப் பின்புறத் தோல் வெந்துவிடும் என்பதையும் முன்பே சொல்லியிருக்கலாம். துத்தநாகக் களிம்பைத் தடிமனாகப் பூசி இரண்டு மாதம் சமாளித்தோம்.

இப்போது அவனுக்கு ஒன்றே முக்கால் வயது. நாளுக்கு இரண்டு மூன்று முறை தானாகப் போகிறான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டச் செல்கிறோம். சென்ற முறை எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு குடும்பத்திடம் பயாப்சி அறிக்கை இல்லாததால் அன்று எதுவும் முடிவாகவில்லை. அங்கே போகிறவர்கள் எக்ஸ்ரே படங்களையும் பழைய அறிக்கைகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். காலை ஏழரைக்குள் வரிசையில் நின்றுவிடுங்கள்.